எய்ட்ஸ் நோயும் இணைவு எதிர்ப்பொருள்களும்

பெரியம்மையையும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களெனப் பிரித்து, அவற்றுக்கெனத் தனிநூல் எழுதியவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி. ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்து, கி.பி. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அப்பேரறிஞர் அந்நூலில் ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறார். பெரியம்மை ஏன் பெரும்பாலும் இளவயதினரையே தாக்குகிறது? ஒருமுறை கண்டு பிழைத்தவரை அது ஏன் மீண்டும் அணுகுவதில்லை? குழந்தைகளின் குருதி புதிதாகப் பிழிந்த பழச்சாற்றைப் போன்றது என்றும், அது பொங்கி முதிரும் நிலையே அம்மை என்றும், முதிர்ந்துவிட்டபின் மறுபடி பொங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை என்றும் அவர் விடை கண்டார். அந்த விடை இன்று நிற்காது. ஆயினும் உடல் ஒரு நோயை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதையும், அதற்கான காரணம் உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவர் பற்றிக்கொண்டார்.

அந்த நினைவின் கருவிகளுள் தலையானவை எதிர்ப்பொருள்கள் எனப்படும் புரதங்கள். 1890இல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும், நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதிநீரை இன்னொரு விலங்குக்குச் செலுத்தி அதனைக் காக்கலாம் என்று காட்டிய நாள் முதல், நோயை வெல்லும் உடலில் எதிர்ப்பொருள் இருக்கும் என்பது மருத்துவத்தின் அடிப்படைப் பாடமாயிற்று. எய்ட்ஸ் இந்தப் பாடத்தைப் புரட்டிப் போட்டது. எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் விரைவுச் சோதனைகள் எதைத் தேடுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு ஏற்படும். அவை தேடுவது எதிர்ப்பொருளைத்தான். அம்மையில் எதிர்ப்பொருள் காணப்பட்டால் நோய் போய்விட்டது என்று பொருள்; எச்.ஐ.வி.யில் எதிர்ப்பொருள் காணப்பட்டால் நோய் குடியேறிவிட்டது என்று பொருள். உடல் படைக்கலம் செய்கிறது, அந்தப் படைக்கலம் பயன்படுவதில்லை. இயற்கையாக உண்டாகும் எதிர்ப்பொருளால் ஆகாததை, மனிதர் பகுதி பகுதியாக இணைத்துச் செய்யும் எதிர்ப்பொருளால் ஆக்க முடியுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் செய்தி.

1981 ஜூன் மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அரிய வகை நுரையீரல் அழற்சி பற்றிய சிறு குறிப்பு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார ஏட்டில் வெளியாயிற்று. எய்ட்ஸ் நோயின் ஏட்டு வரலாறு அங்கே தொடங்குகிறது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோந்தான்யே ஆகியோரின் குழு அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தது. அவ்விருவருக்கும் 2008இல் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸின் கொடுமை அது தாக்கும் இடத்தில் இருக்கிறது. பிற கிருமிகள் நகரைத் தாக்கும். இதுவோ நகர்க் காவலரையே தாக்குகிறது. நோயெதிர்ப்புப் படையின் ஏனைய உயிரணுக்களுக்கு ஆணை தரும் டி-உயிரணுக்களின் மேற்பரப்பில் சி.டி.4 என்னும் புரதம் உண்டு. நலமான ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும் இந்த உயிரணுக்கள் 200க்குக் கீழே குறையும்போது எய்ட்ஸ் எனும் நிலை வந்துவிடுகிறது. பின்னர் எளிய காளானும் காசநோயும்கூட உயிரைப் பறிக்கும்.

எதிர்ப்பொருளின் வடிவத்தை இங்கே சிறிது விளக்கியாக வேண்டும். பின்னர் வருவன யாவும் அதைச் சார்ந்தவை. கவண்கோலை நினைத்துக்கொள்ளலாம்: மேலே பிரியும் இரு கைகள், கீழே ஒரு தண்டு. கைகளின் நுனி பகையை இனங்கண்டு பற்றுகிறது. ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் அந்த நுனி வேறு. தண்டோ பெரும்பாலும் ஒன்றே. பற்றப்பட்ட பகையை அழிக்க வருமாறு விழுங்கும் உயிரணுக்களை அழைப்பது தண்டு. எதிர்ப்பொருள் சிதைந்து வெளியேறாமல் ஏறத்தாழ மூன்று வாரம் குருதியில் நிலைத்திருக்கச் செய்வதும் தண்டு. தாயின் பாதுகாப்பைக் கருவிலிருக்கும் சேய்க்குக் கடத்துவதும் தண்டே. இந்த அமைப்பை வெளிப்படுத்திய ராட்னி போர்ட்டர், ஜெரால்ட் எடல்மன் இருவரும் 1972இல் நோபெல் பரிசு பெற்றனர். கையும் தண்டும் தனித்தனிப் பணி செய்பவை என்றால், ஒன்றின் கையை இன்னொன்றின் தண்டோடு இணைக்கலாம் என்பது அதிலிருந்தே பெறப்படும். கை இருக்கும் இடத்தில் கையே அல்லாத வேறொரு புரதத்தைக்கூடப் பொருத்தலாம். இணைவு எதிர்ப்பொருள் என்பதன் கரு இதுதான்.

இனி, எச்.ஐ.வி. ஏன் பிடிபடுவதில்லை? அதன் மேற்பரப்பில் முள் போல் துருத்தி நிற்கும் புரதங்கள் மிகக் குறைவு. ஒரு வைரஸ் துகளில் பதினான்கு அளவே காணப்பட்டுள்ளன. எதிர்ப்பொருளின் இரு கைகளும் ஒரே வேளையில் இரண்டு முட்களைப் பற்றிக்கொள்ள இயலாதபடி அவை விலகி நிற்கின்றன. அம்முள்ளின் வெளிப்பகுதியான ஜி.பி.120 என்னும் புரதத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைச் சங்கிலிகள். அவை நம் உடலே செய்து போர்த்தியவை ஆதலால் நம் காவலர் அவற்றைப் பகையென்று கொள்வதில்லை. வைரஸ் நம் ஆடையை உடுத்திக்கொண்டு உலவுகிறது. இவை போதாவென்று, சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி என்ற அளவில் புதிய வைரஸ் துகள்கள் உருவாகின்றன. அவற்றைப் படியெடுக்கும் நொதி அடிக்கடி பிழை செய்கிறது. பிழை அதற்குக் கேடாவதில்லை, வேடமாகிறது. உடல் ஒரு வடிவத்துக்கு எதிர்ப்பொருள் செய்து முடிப்பதற்குள் வேறு வடிவம் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும் இவ்வைரஸ் ஒன்றை மட்டும் மாற்ற இயலாது. உயிரணுவுக்குள் நுழைய அது சி.டி.4 புரதத்தைப் பற்றியே ஆக வேண்டும். 1984இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் இரு குழுக்கள் தனித்தனியே இதனைக் கண்டறிந்தன. சாவி எத்தனை வேடம் போட்டாலும் பூட்டு மாறுவதில்லை. பூட்டுக்குப் பொருந்தாத சாவியாக மாறினால் வைரஸுக்கே வாழ்வில்லை. அப்படியாயின் வைரஸை இனங்காணும் எதிர்ப்பொருளைத் தேடி அலைவானேன்? பூட்டையே பல்லாயிரம் படிகள் செய்து குருதியில் மிதக்க விட்டால் வைரஸ் அவற்றில் போய் மாட்டிக்கொள்ளுமே என்று ஆய்வாளர் எண்ணினர். மானைப் பிடிக்க வேடர் பழக்கி நிறுத்தும் மானைப் 'பார்வை' என்பது பழந்தமிழ் வழக்கு. மிதக்கும் சி.டி.4, அப்படியொரு பார்வை.

1987 இறுதியிலும் 1988இலும் கரையும் சி.டி.4 பற்றிய கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. உயிரணுச் சுவரில் ஊன்றியிருக்கும் அடிப்பகுதியை நீக்கிவிட்டு, வெளிப்பகுதியை மட்டும் மரபணுத் தொழில்நுட்பத்தால் உண்டாக்கினர். சோதனைக் குழாயில் அது வைரஸை அருமையாகத் தடுத்தது. உடலிலோ ஓரிரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. அத்துடன், மாட்டிக்கொண்ட வைரஸை அழிக்க எவரையும் அழைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இவ்விரு குறைகளும் எதிர்ப்பொருளின் தண்டில் தீர்வு உள்ள குறைகள் என்பதை மேலே கண்டவர் உணர்வர். 1989இல் கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தார், எதிர்ப்பொருளின் கைநுனி இருக்கும் இடத்தில் சி.டி.4 பகுதியை வைத்து, மனித எதிர்ப்பொருளின் தண்டோடு இணைத்து ஒரே புரதமாக்கினர். இரு மரபணுத் துண்டுகளை முன்பின்னாக ஒட்டி, அதனை வளர்ப்பு உயிரணுக்களுக்குள் செலுத்தினால், அவை அந்த இணைப்பைத் தம் சொந்தப் புரதம் போலவே செய்து வெளியிடும். இவ்வாறு பிறந்தது எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் இணைவு எதிர்ப்பொருள்.

அடுத்த ஆண்டே ஏமாற்றம் வந்தது. அதுவரை சோதனைகளுக்குப் பயன்பட்டவை ஆய்வகத்தில் பல தலைமுறை வளர்த்துப் பழக்கிய வைரஸ்கள். 1990இல் டேவிட் ஹோவும் அவர் குழுவினரும் நோயாளிகளிடமிருந்து நேரே எடுத்த வைரஸ்களோடு கரையும் சி.டி.4ஐ வைத்துப் பார்த்தபோது, அதே தடுப்புக்கு நூற்றுக்கணக்கான மடங்கு மிகுதியாக மருந்து வேண்டியிருந்தது. கூண்டில் வளர்ந்த புலிக்கு வைத்த பொறியில் காட்டுப்புலி விழவில்லை. இணைவுப் புரதமும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. தீங்கு செய்யவில்லை, குறிப்பிடத்தக்க நன்மையும் செய்யவில்லை. பின்னர் நான்கு சி.டி.4 பகுதிகளை ஒரே எதிர்ப்பொருளில் பொருத்திய வடிவம் ஒன்று 2000ஆம் ஆண்டையொட்டி மனிதரிடம் சோதிக்கப்பட்டு, வைரஸின் அளவை ஓரளவு குறைத்துக் காட்டியது. அதுவும் மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை.

ஒரு துறையில் தோற்ற கருத்து இன்னொரு துறையில் வென்றதை இடையே சொல்லிவிட வேண்டும். முடக்குவாதத்தில் மூட்டுகளை அழற்சியுறச் செய்யும் டி.என்.எஃப். என்ற பொருளுக்கும் உடலில் ஓர் ஏற்பி உண்டு. அந்த ஏற்பியை எதிர்ப்பொருளின் தண்டோடு இணைத்து உருவாக்கிய எட்டனெர்செப்ட் என்னும் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கைகால் முடங்கிக் கிடந்த எத்தனையோ பேரை அது எழுப்பி நடக்க வைத்திருக்கிறது. கட்டமைப்பில் எய்ட்ஸுக்காகச் செய்த இணைவுப் புரதத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. டி.என்.எஃப். மாறுவதில்லை, எச்.ஐ.வி. மாறுகிறது, வேறுபாடு மருந்தில் இல்லை, பகையில் இருக்கிறது.

பகையைப் பற்றிய அறிவு 1996இல் ஒரு படி உயர்ந்தது. சி.டி.4 என்பது முதல் கதவு மட்டுமே. அதற்குப் பின்னால் இரண்டாம் கதவு ஒன்று உண்டு என்பதும், பெரும்பாலான வைரஸ்களுக்கு அது சி.சி.ஆர்.5 என்னும் புரதம் என்பதும் தெரியவந்தன. இரண்டு கதவுகளுக்கும் உள்ள உறவு நுட்பமானது. சி.டி.4ஐப் பற்றியதும் வைரஸின் முள் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது, அதுவரை மறைந்திருந்த ஒரு பகுதி திறக்கிறது, அப்பகுதிதான் சி.சி.ஆர்.5ஐப் பற்றுகிறது. இது தெரிந்தபின், பழைய இணைவுப் புரதத்தின் மறைந்திருந்த குறை வெளிப்பட்டது. பார்வையாக வைத்த சி.டி.4, வைரஸை மாட்டிவைப்பதோடு அதன் இரண்டாம் சாவியையும் உறையிலிருந்து உருவிவிடுகிறது. மருந்தின் அளவு போதாதபோது, தடுக்க வந்த மருந்தே சில உயிரணுக்களில் தொற்றைத் தூண்டவும் கூடும். வாயிற்காவலன் பகைவனைப் பாதி தடுத்து, மீதி வழியைக் காட்டிவிட்டதைப் போன்றது இது.

சி.சி.ஆர்.5இன் முனையிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் சல்ஃபேட் ஒட்டியிருப்பதே வைரஸின் பிடிக்கு உதவுகிறது என்று 1999இல் மைக்கேல் ஃபார்ஸானும் உடனாய்வாளரும் காட்டியிருந்தனர். அதே ஃபார்ஸான் ஃபுளோரிடாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பின்னர் செய்ததைக் கேட்டால், இத்தனை எளிதா என்று தோன்றும். பழைய சி.டி.4 இணைவுப் புரதத்தை எடுத்துக்கொண்டார். அதன் தண்டின் கடைமுனையில், சி.சி.ஆர்.5இன் அந்தச் சல்ஃபேட் முனையைப் போல நடிக்கும் சிறு புரதத் துண்டு ஒன்றைத் தைத்தார். அதன் நீளம் பதினைந்து அமினோ அமிலங்கள் அளவே. மேல்முனை முதல் கதவாக நடித்து வைரஸைப் பற்றுகிறது. வைரஸ் வடிவம் மாறி இரண்டாம் சாவியை நீட்டுகிறது. கீழ்முனை இரண்டாம் கதவாக நடித்து அதையும் பற்றிக்கொள்கிறது. தனித்தனியே வலுவற்ற இரண்டு பிடிகள் ஒன்றுக்கொன்று உதவி இறுகுகின்றன. இ.சி.டி.4-ஐ.ஜி. எனப் பெயரிட்ட இம்மூலக்கூறு பற்றி 2015இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை, சோதித்த எல்லா எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2, குரங்கு வைரஸ் வகைகளையும் அது செயலிழக்கச் செய்ததாக அறிவித்தது. மிகச் சிறந்தவை என அதுவரை கருதப்பட்ட எதிர்ப்பொருள்களுக்கு அடங்காத வைரஸ்களும் அவற்றுள் அடங்கும்.

அக்கட்டுரையின் இன்னொரு பகுதி குரங்குச் சோதனை. நான்கு குரங்குகளுக்கு மருந்தை ஊசியாகப் போடவில்லை. மருந்தின் மரபணுவை, நோய் செய்யாத அடினோ-சார் வைரஸ் ஒன்றில் ஏற்றித் தசையில் செலுத்தினர். சல்ஃபேட்டை ஒட்டவைக்கும் நொதியின் மரபணுவும் உடன் சென்றது. அது இன்றேல் கீழ்முனை பயன்படாது. குரங்குகளின் தசையே மருந்துச்சாலையாகி நாற்பது வாரங்களுக்கு மேலாக அப்புரதத்தைச் சுரந்தது. எச்.ஐ.வி.யின் முள்ளைத் தாங்கிய கலப்பு வைரஸை மீண்டும் மீண்டும் செலுத்தியும் அவை தொற்றாமல் தப்பின. மருந்து பெறாத குரங்குகளோ தொற்றுக்கு ஆளாயின. பின்னர் 2019இல் இன்னும் கடுமையான குரங்கு வைரஸை மிகுந்த அளவில் செலுத்திப் பார்த்தனர். மருந்து பெற்ற குரங்குகள் பெரிதும் காக்கப்பட்டன. இம்மூலக்கூறிடமிருந்து தப்புவதற்கு மாறும் வைரஸ், தன் உயிர்நாடியான சி.டி.4 பிடியிலேயே கை வைக்க வேண்டியிருப்பதால் மெலிந்துபோகிறது என்பதும் ஆய்வகத்தில் தெரிந்தது. 1984இல் தோன்றிய எண்ணம் சரியானதே என்பதற்கு முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த சான்று என்று இதனை நாம் கருதுகிறோம்.

கதவாக நடிப்பதை விடுத்து, வல்ல எதிர்ப்பொருள்களின் கைகளையே ஒன்றாக இணைக்கும் வழியும் உண்டு. நெடுநாள் தொற்றுடன் வாழ்வோர் சிலரின் உடலில், பலவகை எச்.ஐ.வி.க்களை ஒருங்கே தடுக்கும் அரிய எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. 2010இல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 அவற்றுள் புகழ்பெற்றது. ஆய்வகத்தில் பத்தில் ஒன்பது வகைகளைத் தடுத்தது. ஆனால் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் ஏறத்தாழ 4600 பேரிடம் நடந்து 2021இல் வெளியான பெரும் சோதனை, அது ஒட்டுமொத்தத்தில் தொற்றைத் தடுக்கவில்லை என்று காட்டியது. அதற்கு எளிதில் அடங்கும் வைரஸ்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 75 விழுக்காடு தடுப்பு இருந்தது. அவையோ அப்பகுதிகளில் உலவியவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கை போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் சனோஃபி நிறுவனமும் 2017இலேயே மூன்று எதிர்ப்பொருள்களின் பற்றும் நுனிகளை ஒரே மூலக்கூறில் இணைத்திருந்தன. எட்டெட்டுக் குரங்குகளாகப் பிரித்துச் சோதித்தபோது, தனி எதிர்ப்பொருள் பெற்ற இரு குழுக்களில் ஐந்தும் ஆறுமாகத் தொற்றுக்கு ஆளாக, மூன்றிணைப்பைப் பெற்ற எட்டில் ஒன்றும் ஆளாகவில்லை. நியூயார்க்கின் ஆரன் டைமண்ட் ஆய்வு மையத்தார் 2016இல் அறிவித்த இரட்டை எதிர்ப்பொருளில் ஒரு கை வைரஸைப் பற்றும். மறு கை சி.டி.4ஐயே பற்றிக்கொண்டு கதவருகே காவல் நிற்கும். இவை மனிதரிடம் முதற்கட்டச் சோதனைக்கும் சென்றன.

மரபணுவை ஒட்டுவதும் வெட்டுவதும் படைப்பில் கைவைப்பதாகாதா என்ற வினா நம் வாசகர் உள்ளத்தில் எழுவது இயல்பு. 1998 அக்டோபர் இறுதியில் மக்காவில் கூடிய முஸ்லிம் உலக லீகின் ஃபிக்ஹு மன்றம் இதனை ஆராய்ந்தது. நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் அதன் கேட்டைக் குறைக்கவும் மரபணுப் பொறியியலைப் பயன்படுத்தலாம், அதனால் பெரியதொரு தீங்கு விளையக்கூடாது என்பதும், மனித ஆளுமையோடு விளையாடுவதற்கும் தீய நோக்கங்களுக்கும் அதைக் கையாளலாகாது என்பதும் அதன் முடிவின் சாரம். நாம் பேசும் மருந்துகள் நோயாளியின் வழித்தோன்றல்களுக்குச் செல்லும் மரபணுவைத் தொடுவனவல்ல. தசைக்குள் செலுத்தும் முறைகூடத் தசையோடு நிற்பதை நோக்கமாகக் கொண்டது. இன்னொரு வினா உற்பத்தி பற்றியது. உலகெங்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களில் விளைகின்றன. 1957இல் ஒரு விலங்கிலிருந்து எடுத்து அன்று முதல் ஆய்வகக் கலங்களிலேயே பெருகிவரும் உயிரணு வழி அது. அங்கு விளையும் புரதமோ மனிதப் புரதத்தின் எழுத்தமைப்பைக் கொண்டது. பலமுறை தூய்மை செய்து பிரித்தெடுக்கப்படுவது. இஸ்திஹாலா என்னும் உருமாற்ற விதியின்படியும், தேவை குறித்த விதியின்படியும் இதற்கு இடமுண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. தீர்ப்புரைப்பது மார்க்க அறிஞர்களின் பொறுப்பு. உற்பத்தி முறையை உள்ளவாறு அவர்கள்முன் வைப்பது மருத்துவம் கற்றோரின் பொறுப்பு. பின்னதில் நம் சமுதாயத்தார் பின்தங்கியிருப்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தகைய செய்திகள் வெளிவரும்போதெல்லாம், எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று என்ற தலைப்போடு அவை நாளிதழ்களில் சுருங்குகின்றன. அதில் ஓர் இடர் உண்டு. எய்ட்ஸுக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. 2024இல் உலகெங்கும் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த 4 கோடியே 8 லட்சம் பேரில் 3 கோடியே 16 லட்சம் பேர் அன்றாட மாத்திரைகளால் வாழ்ந்தனர். அம்மாத்திரைகள் நோயை வேரறுப்பதில்லை. ஆனால் ஒழுங்காக உட்கொள்பவரின் குருதியில் வைரஸ் அளவிட முடியாதபடி குறைந்துவிட்டால், தம் துணைக்கு அவர் தொற்றைக் கடத்துவதில்லை. புதிய ஊசி வரும் என்று எண்ணி மாத்திரையை நிறுத்துபவர் சில வாரங்களில் வைரஸை மீண்டும் பெருக விடுகிறார். எச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்ப்பொருள் மருந்தாக ஒப்புதல் பெற்றது 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த இபாலிசுமாப் மட்டுமே. அது இணைவு எதிர்ப்பொருள் அன்று, சி.டி.4ஐப் பற்றிக் காவல் நிற்கும் தனி எதிர்ப்பொருள். பல மருந்துகளுக்கும் அடங்காத வைரஸ் கொண்ட சிலருக்கென்றே இரு வாரத்துக்கொருமுறை நரம்பு வழியாகச் செலுத்தப்படுவது. இணைவு எதிர்ப்பொருள் ஒன்றும் இந்நோய்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றதில்லை.

விலையையும் எண்ண வேண்டும். 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீத், ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற மும்மருந்துக் கூட்டை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒருவருக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். ஆப்பிரிக்காவின் சாவுக்கணக்கை மாற்றியவற்றுள் அந்த அறிவிப்பும் ஒன்று. மாத்திரையைப் போல எதிர்ப்பொருளை மலிவாகச் செய்துவிட முடியாது. அது உயிரணுக்களில் விளைவது, குளிரில் காக்கப்பட வேண்டியது. அதற்குள் வேதியியல் மருந்துகள் முந்திக்கொண்டன. ஆண்டுக்கு இருமுறை ஊசியாகப் போடும் லெனகாபவிர், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்து 2024இல் முடிவு வெளியான சோதனையில், அதைப் பெற்ற 2134 பெண்களுள் ஒருவருக்கும் தொற்று வராமல் காத்தது. அதன் பொதுப்பெயர் வடிவத்தை 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலர் அளவில் எளிய நாடுகளுக்குத் தருவதாக இந்திய நிறுவனங்கள் 2025இல் அறிவித்தன. இத்தகைய போட்டிக்கு நடுவில் இணைவு எதிர்ப்பொருளின் இடம் முன்னினும் சுருங்கியிருக்கிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒருமுறை செலுத்திப் பல்லாண்டு காக்கும் மருந்தாக வந்தாலன்றி அதற்கு நியாயமில்லை.

சென்னையில் 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, இது ஒழுக்கம் தவறியோரின் நோய், நமக்கென்ன என்று இருந்தவர் பலர். கணவனிடமிருந்து பெற்ற மனைவியரும், தாயிடமிருந்து பெற்ற சேய்களும், குருதியேற்றத்தால் பெற்றவரும் அந்தச் சொல்லின் சுமையையும் சேர்த்தே சுமந்தனர். உடன் உண்பதாலும் உறைவதாலும் இந்நோய் பரவுவதில்லை என்னும் மருத்துவ உண்மையை ஏற்று, நோயுற்றோரைப் பிறரிடமிருந்து ஒதுக்கிவைப்பதற்கு மார்க்கத்தில் தேவை இல்லை என்று ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1995இல் அபுதாபி அமர்வில் முடிவு செய்தது. அம்முடிவு நம் ஜமாஅத்துகளில் போதுமான அளவு பேசப்படவில்லை.

பல்லாண்டு காக்கும் மருந்து என்ற எதிர்பார்ப்புக்கு மனிதரிடம் கிடைத்த சான்று சிறிது. ஆயினும் அது பயனுள்ளது. வி.ஆர்.சி.01இன் இனத்தைச் சேர்ந்த வி.ஆர்.சி.07 என்னும் எதிர்ப்பொருளின் மரபணுவை, எச்.ஐ.வி.யோடு வாழும் எட்டுப் பேரின் தசையில் செலுத்திய சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. எட்டுப் பேரின் உடலும் அதனைச் சுரந்தது. நால்வரிடம் மூன்றாண்டு வரையில்கூட அளவு பெரிதாகக் குறையவில்லை. மூவரின் உடலோ, வந்து சேர்ந்த எதிர்ப்பொருளையே அயலானென்று கொண்டு அதற்கு எதிராக ஓர் எதிர்ப்பொருளைச் செய்தது. குரங்குகளிடமும் இதே தடை பலமுறை தோன்றியிருக்கிறது. இயற்கையில் எங்கும் இல்லாத சந்திகளைக் கொண்ட இணைவுப் புரதத்துக்கு இத்தடை இன்னும் மிகுதியாகக்கூடும். ஊசிமருந்தாயின் நிறுத்திவிடலாம், தசைக்குள் நட்ட மரபணுவை எளிதில் திரும்ப எடுக்க இயலாது. உடல் தான் கண்டதை மறப்பதில்லை என்று அர்-ராஸி அம்மையில் கண்டுகொண்ட அதே இயல்புதான், எச்.ஐ.வி.யை வெல்ல முடியாமல் நின்றபின், இப்போது மருந்தின் எதிரே வந்து நிற்கிறது.